பழைய வீட்டு பிளக் பொயின்ட்: மெயின் பெட்டியிலிருந்து சுவர் வரை ஒரு முழுமையான சோதனை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று கொழும்பில் நம்மவர்கள் அதிகம் வாழும் இடங்களில் ஐம்பது அறுபது வருடப் பழைய வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வயது தெரியாது. ஓட்டைக் கழற்றி மாடி எடுத்திருப்பார்கள், தரைக்கு டைல் பதித்திருப்பார்கள், சுவிட்ச் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். சுவருக்குள் ஓடுகிற வயர் மட்டும் வீடு கட்டிய காலத்தது.

உடைந்த பழைய பிளக் பொயின்ட்டைக் கண்டால் யாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். ஆட்கள் ஏமாறுவது புது முகப்பில். மூன்று துளையோடு 13 ஆம்பியர் பொயின்ட் அழகாகப் பூட்டியிருக்கும். பின்னால் வருவதோ இரண்டே வயர். ஏர்த் துளைக்குப் பின்னால், பழுதில் ஒழுகும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற வயர் இல்லவே இல்லை. அதில் வாஷிங் மெஷினை மாட்டிவிட்டு, மூன்று முள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். முகப்பை நம்பாமல் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

பலர் அறையிலுள்ள பொயின்ட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது மறுபக்கத்திலிருந்து: முதலில் மெயின் பெட்டி, பிறகு ட்ரிப் சுவிட்ச், பிறகு ஏர்த், கடைசியில்தான் சுவர். முதல் மூன்றும் சரியில்லை என்றால் சுவரில் எந்தப் பொயின்ட்டை மாற்றியும் பயனில்லை.

தொடங்குமுன் ஒரு எல்லைக்கோடு. நீங்களாகச் செய்யக்கூடியவை பார்ப்பது, மணந்து பார்ப்பது, டெஸ்ட் பட்டனை அழுத்துவது, சொக்கெட் டெஸ்டரை மாட்டிப் பார்ப்பது. ஸ்குரூ கழற்றுகிற வேலை எதுவும் உங்களுடையது அல்ல. மீட்டரும் அதற்கு முன்னால் சீல் வைத்த பகுதியும் விநியோகம் செய்பவருக்குச் சொந்தம். கொழும்பு நகருக்குள் அது மின்சார சபை. கோட்டே, நுகேகொடை, களனி, மொறட்டுவைப் பக்கம் பெரும்பாலும் லெக்கோ என்கிற மின்விநியோக நிறுவனம். அங்கே கை வைக்கவே வேண்டாம். மின்சார சபைக்கு முறைப்பாடு சொல்ல 1987.

முதல் படி: மெயின் பெட்டி

பெட்டியைத் திறக்காமலே பல விஷயம் தெரியும். மரப்பலகையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள் வரிசையாக இருந்தால் வயரிங் மிகப் பழையது என்று எடுத்துக்கொள்ளலாம். பீங்கான் பியூஸ் தன்னளவில் மோசமான பொருள் அல்ல. அதற்குள் போடுகிற கம்பிதான் பிரச்சினை. பியூஸ் போன அவசரத்தில், சாதாரண வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி முறுக்கிப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த பியூஸ் உருகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கிற வயர் சூடாகும்.

இன்னொன்று, மிகப் பழைய பெட்டிகளில் ஃபேஸ் (கரண்ட் வருகிற வயர்), நியூட்ரல் (அது திரும்புகிற வயர்) இரண்டுக்கும் தனித்தனி பியூஸ் இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் பொயின்ட் வேலை செய்யாது, லைட் எரியாது, ஆனால் ஃபேஸ் அப்படியே உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடுகிறவருக்கு அடிக்கும். இப்படி இரட்டை பியூஸ் பெட்டியைக் கண்டால் மாற்றுவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

எம்சிபி, அதாவது லோட் கூடினால் தானாக விழுகிற சிறு சுவிட்ச், போட்ட புதுப் பெட்டி என்றால் ஒவ்வொரு எம்சிபியிலும் இருக்கிற ஆம்பியர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லைட்டுக்கு 6 அல்லது 10, பிளக் பொயின்ட்டுக்கு 20 அல்லது 32 என்று இருப்பது வழக்கம். எல்லாவற்றிலும் 32 என்று இருந்தால் யாரோ இருந்ததை எடுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எது எந்த அறைக்கு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொன்றாக ஓஃப் செய்து பார்த்து நீங்களே ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் அந்தத் துண்டுக் காகிதம் மிகவும் உதவும்.

வீட்டுக்கு வருகிற மொத்தக் கரண்டையும் யோசியுங்கள். சாதாரண வீட்டு இணைப்பு சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 6.9 கிலோவாட். குளியலறையில் உடனடி வெந்நீர் ஹீட்டர் ஒன்று போட்டாலே 3.5 கிலோவாட்டோ அதற்கு மேலோ போய்விடும். அதோடு 2 கிலோவாட் கெட்டிலும் ஒரு ஏசியும் சேர்ந்தால் இடமே இல்லை. அடிக்கடி மெயின் விழுகிற வீட்டில் எம்சிபி பழுது என்று பெரியதாக மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ட்ரிப் சுவிட்ச்

ஆர்சிசிபி என்று கடையில் கேட்கலாம். எல்லாரும் சொல்வது ட்ரிப் சுவிட்ச். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாக, நிலத்துக்குப் போகிறது என்று எடுத்து லைனை வெட்டும்.

முகப்பில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். பழைய வீடுகளில் 100 மில்லி ஆம்பியர், சில இடங்களில் அதைவிடப் பெரியது இருக்கும். அது நெருப்பைத் தடுக்க உதவலாம்; ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. இன்னும் பழையதாக, ஏர்த் வயரே உள்ளே போய் வெளியே வருகிற வகை ட்ரிப் சுவிட்ச்சும் சில பெட்டிகளில் மிஞ்சியிருக்கிறது. ஏர்த் வயரில் வோல்ட்டேஜ் ஏறினால் மட்டுமே விழுகிற பழைய ரகம் அது. ஏர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால் அது ஒன்றும் செய்யாது. அதையும் மாற்றவேண்டும்.

இப்போது சோதனை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, டி என்ற ஆங்கில எழுத்துப் போட்ட பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழவேண்டும். விழவில்லை என்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயம் அல்ல இது. விழுந்தால் திரும்பப் போடுங்கள், மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருக்கிற ட்ரிப் சுவிட்ச், முக்கியமாகக் கடற்கரைப் பக்க உப்புக் காற்றில், உள்ளே இறுகிப்போய் வேண்டிய நேரத்தில் விழாமல் நிற்கலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். டெஸ்ட் பட்டன் வேலை செய்வதால் வீட்டில் ஏர்த் இருக்கிறது என்று ஆகாது. அந்தப் பட்டன் ட்ரிப் சுவிட்ச்சுக்கு உள்ளேயே ஒரு சிறு ஒழுக்கை உண்டாக்கி, அது விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் அழகாக விழும். அப்படியான வீட்டில் ஃப்ரிட்ஜின் உடம்புக்குக் கரண்ட் வந்தால், யாராவது தொடும் வரை ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தெரியாது. தொட்ட பிறகுதான் விழும். அந்த முதல் அடியை வாங்குவது குழந்தையாகவும் இருக்கலாம்.

சில வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேராக வயர் போட்டுவிட்டிருப்பார்கள். பட்டனை அழுத்தினால் சுவிட்ச் விழும், வீட்டில் லைட் எரிந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிக்க அதுவே வழி: விழுந்த பிறகு வீடு முழுக்க இருட்டாகிறதா என்று பாருங்கள். அடிக்கடி விழுவதற்குக் காரணம் தேட வேண்டும் என்றால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, எம்சிபிகளையும் ஓஃப் செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஓஃப் செய்தும் விழுகிறதென்றால், சுவருக்குள் எங்கோ நியூட்ரலும் ஏர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. அதைத் தேடுவது எலெக்ட்ரீஷியன் வேலை.

மூன்றாம் படி: ஏர்த்

நம் நாட்டில் வீட்டு ஏர்த் வெளியிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் நிலத்தில் அடித்த சொந்தக் கம்பி வேண்டும். மீட்டர் பக்கச் சுவரிலிருந்து ஒரு பச்சை வயரோ வெறும் செம்புக் கம்பியோ கீழே இறங்கி மண்ணுக்குள் போகிறதா என்று தேடுங்கள். முற்றத்துக்கு சீமெந்து போட்டபோது அதை மூடியிருப்பார்கள், அல்லது மதில் கட்டியபோது வெட்டியிருப்பார்கள். கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே ஏர்த்தைக் கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. அன்று அந்தக் குழாய் வீதி வரை இரும்பு. இன்று பாதியில் பிவிசி குழாய் வந்துவிட்டது. வயர் குழாயில் கட்டியபடியே இருக்கும், கிளிப்பும் இறுக்கமாக இருக்கும். ஏர்த் மட்டும் இல்லை. அதைவிட மோசம், எங்காவது ஒரு பழுது வந்தால் குளியலறைக் குழாய்க்கே கரண்ட் வரும்.

ஏர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஏர்த் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான மொத்தத் தடை 20 ஓம் என்று வைப்போம். ஒரு கிரைண்டரின் உடம்புக்கு ஃபேஸ் தொட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர் நிலத்துக்குப் போகும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோட். விழவே விழாது. கிரைண்டரின் உடம்பு அப்படியே உயிரோடு நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதே நொடியில் வெட்டிவிடும். ஏர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் சோடியாக இருந்தால்தான் பாதுகாப்பு. ஒன்றை வைத்து மற்றதைச் சமாளிக்க முடியாது. பிரித்தானிய வயரிங் விதிகளின்படி ஏர்த் கம்பியின் தடை 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எண் மாறாமல் நிற்கும் என்று நம்ப முடியாது. மழைக்காலத்தில் நல்ல எண் காட்டி வெயில் காலத்தில் ஏறுகிற கம்பிகளும் உண்டு. மண் காய்வதுதான் காரணம்.

நான்காம் படி: அறை அறையாக ஒரு நடை

இப்போது சுவருக்கு வரலாம். கையில் ஒரு கொப்பி, ஒரு சொக்கெட் டெஸ்டர். புறக்கோட்டைப் பக்க மின்பொருள் கடைகளில் மூன்று சிறு லைட்டோடு பிளக் வடிவில் கிடைக்கும். விலை பெரிதில்லை, எல்லா வீட்டிலும் இருக்கவேண்டிய பொருள். ஸ்குரூ டிரைவர் மாதிரியான டெஸ்டர் இந்த வேலைக்குப் போதாது. அது ஃபேஸ் எங்கே என்று மட்டும் காட்டும், ஏர்த்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

முதலில் கண். முகப்பில் வெடிப்பு, துளையைச் சுற்றி மஞ்சள் அல்லது பழுப்பு நிறம், சுவரிலிருந்து பெயர்ந்து ஆடுகிற பெட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கு. சூடாகி உருகுகிற பிளாஸ்டிக் மீன் வாடை அடிக்கும். சமையலறையில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் பொயின்ட்களைத்தான் முதலில் பாருங்கள். அடுத்தது காது: லோட் ஓடும்போது சரசரவென்ற சத்தம் வந்தால் உள்ளே தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறக்கிறது.

பிறகு சூடு. கெட்டிலையோ அயனையோ பத்து நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை ஓஃப் செய்து, காய்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பொயின்ட்டை இனிப் பயன்படுத்த வேண்டாம். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு உண்டாகிறது. விரல் நுனியளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள். எம்சிபிக்கும் இது தெரியாது, ட்ரிப் சுவிட்ச்சுக்கும் தெரியாது. பொயின்ட்டிலிருந்து தொடங்கும் பல தீவிபத்துகளுக்கு வழி இதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று, பிளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016-இல் 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கை நாட்டின் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய வீடுகளில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டைத் துளைகள் இன்னும் இருக்கின்றன. 5 ஆம்பியர் பொயின்ட் தாங்குவது 1150 வாட் மட்டும். அதில் அடாப்டர் போட்டு 2000 வாட் கெட்டிலை மாட்டுகிற வீடுகள் ஏராளம்.

13 ஆம்பியர் பொயின்ட்டில் கீழே இரண்டு துளைக்கும் உள்ளே ஒரு மூடி உண்டு. மேலே ஏர்த் முள் நுழைந்தால்தான் அது திறக்கும். குழந்தை கம்பியை விடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? போன் சார்ஜரின் இரண்டு முள் போகவில்லை என்றதும் பேனை மூடியை மேல் துளையில் குத்தி, மூடியைத் திறந்து, சார்ஜரைத் திணிக்கிறோம். மெல்லிய உருண்டை முள் அங்கே இறுக்கமாகப் பிடிக்காது, பொறி பறக்கும். நாளடைவில் மூடியும் திறந்தபடி சிக்கிக்கொள்ளும். வீட்டில் ஊர்ந்து திரிகிற பிள்ளை இருந்தால் இந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். பியூஸ் உள்ள சரியான அடாப்டர் வாங்குங்கள்.

பிளக்கை வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல் முள்களின் அடிப்பாதியில் கறுப்பு உறை இருக்கவேண்டும்; ஏர்த் முள்ளில் உறை இருக்கவே கூடாது. ஏர்த் முள்ளிலும் கறுப்பு உறை போட்ட மலிவுப் பிளக் மாட்டினால், அந்த உறை மறைத்து ஏர்த் தொடுப்பு இல்லாமல் போகலாம். இரண்டாவது, உள்ளே பியூஸ் இருக்கிறதா. மூன்றாவது, பியூஸின் எண். சுமார் 700 வாட் வரையான பொருளுக்கு 3 ஆம்பியர் சிவப்பு பியூஸ், அதற்கு மேல் 13 ஆம்பியர் பழுப்பு. டேபிள் ஃபேனின் மெல்லிய வயருக்கு 13 ஆம்பியர் பியூஸ் போட்டால் பியூஸ் போகுமுன் வயர் எரியும். மல்டி பிளக்கின் மேல் மல்டி பிளக், வயர்கோட்டின் நுனியில் இன்னொரு வயர்கோட் என்பதெல்லாம் அறையில் பொயின்ட் போதவில்லை என்பதற்கான அறிகுறி. மேலும் ஒரு மல்டி பிளக் வாங்காமல் பொயின்ட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சரி, இப்போது சொக்கெட் டெஸ்டரை ஒவ்வொரு பொயின்ட்டிலும் மாட்டுங்கள். ஏர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது, நியூட்ரல் இல்லை என்பதையெல்லாம் அது காட்டிவிடும். கொப்பியில் அறை, பொயின்ட், என்ன காட்டியது என்று எழுதுங்கள். ஆனால் "சரி" என்று காட்டினால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். ஏர்த் மோசமாக இருந்தாலும் லைட் எரியும். நியூட்ரலும் ஏர்த்தும் இடம் மாறியிருந்தாலும் தெரியாது. அடுத்துச் சொல்லப்போகிற மிக மோசமான வேலையையும் அது கண்டுபிடிக்காது.

ஐந்தாம் படி: முகப்பைக் கழற்றினால் என்ன இருக்கும்

இது எலெக்ட்ரீஷியன் மெயினை ஓஃப் செய்து, கரண்ட் இல்லை என்று மீட்டரால் உறுதிசெய்துவிட்டுக் கழற்றுகிற கட்டம். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எதைத் தேடவேண்டும் என்று தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

மோசமானது, நியூட்ரல் டெர்மினலிலிருந்து ஏர்த் டெர்மினலுக்கு ஒரு சிறு வயர்த் துண்டு. ஏர்த் இல்லாத பழைய இரண்டு வயரில் மூன்று முள் பொயின்ட் பூட்டும்போது, டெஸ்டரில் எல்லாம் சரி என்று காட்டுவதற்காகச் செய்வது. எங்காவது நியூட்ரல் கழன்றால், மாட்டியிருக்கிற பொருளின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இதைச் செய்தவர் பெரும்பாலும் ஒரு பொயின்ட்டில் நிறுத்தியிருக்க மாட்டார். ஒன்றைக் கண்டால் வீடு முழுக்கத் திறந்து பாருங்கள்.

அடுத்து வயர். 1960கள் வரையான வீடுகளில் ரப்பர் உறை போட்ட, மேலே துணி சுற்றிய அல்லது ஈய உறை வயர் இருக்கலாம். விரலால் வளைத்தால் ரப்பர் காய்ந்த மண்போல உதிரும். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. தொட்டால் இன்னும் உதிரும். அந்த சேர்க்கிட் முழுதாக மாற்றவேண்டியதுதான். நிறங்களையும் கவனியுங்கள். பழைய வயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இப்போது பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு. இரண்டும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பி வேலை செய்யக்கூடாது, சோதித்துவிட்டே தொடவேண்டும்.

வயரின் தடிப்பும் முக்கியம். 1/1.13 என்பது லைட்டுக்கான ஒரு சதுர மில்லிமீற்றர் வயர். பிளக் பொயின்ட்டுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வேண்டும். பழைய வீட்டில் கட்டில் பக்கத்தில் பொயின்ட் வேண்டும் என்று பக்கத்து லைட் சுவிட்சிலிருந்து 1/1.13 வயரை இழுத்து 13 ஆம்பியர் பொயின்ட் பூட்டியிருப்பார்கள். போன் சார்ஜருக்கு என்று போட்டது. பிறகு ஒருநாள் அதில் அயன் மாட்டப்படும்.

ரிங் சேர்க்கிட், அதாவது பெட்டியிலிருந்து புறப்பட்டுப் பொயின்ட்களைச் சுற்றிப் பெட்டிக்கே திரும்புகிற வயர், உள்ள வீடுகளில் ஒரு மறைந்த பழுது உண்டு. 32 ஆம்பியர் எம்சிபியில் 2.5 வயர் போடலாம் என்பதே அது வட்டமாகச் சுற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் வருகிறது என்ற கணக்கில்தான். நடுவில் ஒரு பொயின்ட்டில் வயர் கழன்றால் எல்லாப் பொயின்ட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் முழுச் சுமையும் ஒரே பக்க வயரில் ஏறும். வீட்டில் யாருக்கும் தெரியாது. பெட்டியில் இரண்டு முனையையும் கழற்றி, வட்டம் முழுதாக இருக்கிறதா என்று அளந்தால்தான் வெளிப்படும். ஆகவே இந்த அளவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடற்கரைப் பக்க வீடுகளில் பித்தளை டெர்மினல்களில் பச்சைப் பாசிபோல உப்பு பிடித்திருக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், இரும்புப் பெட்டிக்கு ஏர்த் கொடுக்காமல் விட்டது, மரப் பட்டைக்குள் ஓடுகிற வயரைக் கறையான் அரித்தது எல்லாம் அடிக்கடி அகப்படுகிறவை.

ஆறாம் படி: தனியாகப் பார்க்கவேண்டிய இடங்கள்

குளியலறைக்குள் சாதாரண பிளக் பொயின்ட் இருக்கவே கூடாது. வெந்நீர் ஹீட்டருக்குத் தனி வயர், வெளியே ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற சுவிட்ச் வேண்டும். பக்கத்து அறைப் பொயின்ட்டிலிருந்து வயர்கோட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிறதென்றால் அதை முதலில் நிறுத்துங்கள்.

2022-இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போன காலத்தில் இன்வேர்ட்டரும் ஜெனரேட்டரும் வாங்கிப் பலர் அவசரமாக மாட்டினார்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பொயின்ட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் நடந்தது. மறுமுனையில் முள் வெளியே உயிரோடு நிற்கும். மெயினை ஓஃப் செய்ய மறந்தால் வீதி லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்கும். அந்த வயர் இன்னும் வீட்டில் கிடந்தால் வெட்டி எறியுங்கள். ஜெனரேட்டருக்கு மாற்றுச் சுவிட்ச் ஒன்றுதான் வழி.

கொலன்னாவை, களனி ஆற்றுப் பக்கம் 2016 மே வெள்ளத்தைப் பார்த்த வீடுகள் என்றால், தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் தேடுங்கள். அதற்குக் கீழே இருந்த பொயின்ட்கள் மாற்றப்பட்டனவா, வெறுமனே காயவிட்டுப் போடப்பட்டனவா என்று கேளுங்கள். புதிதாகப் போடுபவற்றை அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

மேல்மாடியோ பின்பக்கமோ பிரித்து வாடகைக்கு விட்ட அனெக்ஸ்களில், பெரிய வீட்டிலிருந்து இரண்டு வயர் மட்டும் இழுத்து ஒரு சப் மீட்டர் வைத்திருப்பார்கள். ஏர்த் அங்கே போய்ச் சேர்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

ஏழாம் படி: ஆளைக் கூப்பிடுவது

என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரைத் தேடுங்கள். வந்தவர் டெஸ்டரை மட்டும் எடுத்து வந்திருந்தால் அவர் பொயின்ட் மாற்றக்கூடியவர், வீட்டைச் சோதிக்கக்கூடியவர் அல்ல. சோதனைக்கு மெகரும் (வயர் உறையின் தடையை அளக்கிற கருவி) ஏர்த் அளக்கிற மீட்டரும் ட்ரிப் சுவிட்ச் சோதிக்கிற கருவியும் வேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள்: "அண்ணை, மெகர் போட்டுப் பார்ப்பீங்களா? ஏர்த் எத்தனை ஓம் என்று எழுதித் தருவீங்களா?" நல்ல வேலைக்காரர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.

எழுதி வாங்கவேண்டிய எண்கள் இவை. வயர்களுக்கிடையிலான உறைத் தடை, 500 வோல்ட்டில் அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. ஏர்த் கம்பியின் தடை. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழ எடுத்த நேரம்; அது 300 மில்லி செக்கனுக்குள் இருக்கவேண்டும், ஐந்து மடங்கு கரண்டில் 40-க்குள். ஒவ்வொரு பொயின்ட்டிலும் ஏர்த் தொடர்ச்சி, ஃபேஸ் சரியான பக்கமா என்பது. "எல்லாம் ஓகே" என்ற வாய்ச்சொல் அறிக்கை ஆகாது.

எட்டாம் படி: காசு குறைவாக இருந்தால் எது முதலில்

வீடு முழுக்க வயர் மாற்றுவது பெரிய செலவு. எல்லாராலும் உடனே முடியாது. என் வரிசை இப்படி: முதல் காசு 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்சுக்கும் ஏர்த் கம்பிக்கும். நியூட்ரலையும் ஏர்த்தையும் சேர்த்த துண்டுகளை எடுப்பது, சூடான பொயின்ட்களை மாற்றுவது அதே நாளில். அடுத்து சமையலறை, வாஷிங் மெஷின், ஹீட்டர் ஆகியவற்றுக்கு ஏர்த்தோடு புது வயர். தண்ணீரும் இரும்பு உடம்பும் சேர்கிற இடங்கள் அவைதான். படுக்கையறைகள் அதற்குப் பிறகு. லைட் சேர்க்கிட் கடைசியில், ரப்பர் வயராக இல்லாவிட்டால்.

மாற்றும் வரை ஏர்த் இல்லாத பொயின்ட்களில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். போன் சார்ஜர் மாதிரி இரட்டை உறை உள்ள பொருட்கள் மட்டும் அங்கே. இரும்பு உடம்புள்ள எதுவும் வேண்டாம்.

வாடகை வீடு என்றால் முற்பணம் கொடுக்குமுன் டெஸ்டரோடு ஒரு நடை நடந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. ட்ரிப் சுவிட்ச் விழாவிட்டாலும், பொயின்ட்களில் ஏர்த் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லி, திருத்தித் தருவதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குடியேறிய பிறகு கேட்டால் இழுபடும். வாங்குகிற வீடு என்றால் எழுதிய சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள். முழு வயரிங் மாற்றும் செலவை விலையில் குறைக்கக் கேட்பது நியாயமானது.

யாருக்காவது கரண்ட் அடித்தால்

ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை ஓஃப் செய்யுங்கள். பெட்டி தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ வயரிலிருந்து தள்ளிவிடுங்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸ். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கி, அவர்கள் வரும் வரை நிறுத்த வேண்டாம். பொயின்ட்டில் நெருப்பு என்றால் தண்ணீர் ஊற்றக்கூடாது; மெயினை ஓஃப் செய்துவிட்டு வெளியேறி 110-க்கு அழையுங்கள். அடி வாங்கியவர் எழுந்து நடந்து, ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத்துடிப்பைப் பதிவெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடி வாங்கிய பொயின்ட்டை, காரணம் கண்டுபிடிக்கும் வரை யாரும் பயன்படுத்தாதபடி அதன் எம்சிபியை ஓஃப் செய்து டேப் ஒட்டிவிடுங்கள்.